'பல மொழி எழுத்துகள்' என்ற மூன்று சொற்கள்

பௌத்தச் சுருள்களைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கும், கண்ணாடிப் பேழைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற விளக்க அட்டையை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூப் பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், துணிக்கடை விளம்பரம், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, எல்லாம் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரே அழைப்பிதழில் தமிழும் தெலுங்கும் இங்கிலீஷும் வரும். சௌராஷ்டிரர் வீட்டுப் பத்திரிகை என்றால் அவர்கள் மொழி தமிழ் எழுத்திலேயே வரும். எனக்குச் சீனமும் தெரியாது, திபெத்தியமும் தெரியாது. ஆனால் ஒரே தாளில் நாலு மொழியை அடக்குவது எவ்வளவு வேலை என்பது தெரியும். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே நீளமான பௌத்தச் சுருள் ஒன்றைப் பாதி விரித்து வைத்திருந்தார்கள். மங்கலான வெளிச்சம். நான் படத்தைப் பார்க்கவில்லை, பழக்கதோஷம், எழுத்தைத்தான் பார்த்தேன். நான்கு வகை எழுத்துகளை என்னால் எண்ண முடிந்தது. அட்டையைப் படித்தேன். என்ன துணி, என்ன நிறமி, எத்தனை சென்டிமீட்டர், எந்த நூற்றாண்டு, யார் நன்கொடை, எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசி வரியில் 'பல மொழி எழுத்துகள் உள்ளன' என்று முடித்திருந்தார்கள். எந்த மொழிகள், எது முதலில், என்ன சொல்கின்றன, ஒன்றும் கிடையாது. காவலாளியிடம் கேட்டேன், சிரித்தார். மின்னஞ்சல் அனுப்பினேன். 'தங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் பலர் அதே மூன்று சொற்களை எழுதியிருப்பீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஊர் திரும்பியபின் இந்த வகைச் சுருள்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

1407ஆம் ஆண்டு. சீனாவின் மிங் பேரரசர் யோங்லே, திபெத்திலிருந்து ஐந்தாம் கர்மபாவான (கர்மபா என்பது திபெத்திய பௌத்தப் பிரிவு ஒன்றின் தலைவருக்கு உரிய பட்டம்) தேஷின் ஷெக்பாவை நான்ஜிங் நகருக்கு வரவழைக்கிறார். இறந்துபோன தன் தகப்பனாருக்கும் தாயாருக்கும் நற்கதி வேண்டி லிங்கு மடாலயத்தில் பெரிய சடங்குகள் நடத்தச் சொல்கிறார். சடங்கு நடந்த நாட்களில் வானத்தில் வண்ண மேகங்கள், ஒளிக்கற்றைகள், பூமழை, இனிப்பான பனித்துளி, கொக்குக் கூட்டம் என்று அதிசயங்கள் நிகழ்ந்தனவாம். அவற்றை நாள்வாரியாகப் படம் வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதி, ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்தில் ஒரு சுருள் தயாரித்தார்கள். அகலம் முக்கால் மீட்டர்கூட இல்லை. படம், அப்புறம் எழுத்து, மறுபடி படம், மறுபடி எழுத்து என்று ஓடுகிறது. சுருள் கர்மபாவின் த்சுர்பு மடத்துக்குப் போனது. இப்போது லாசாவில் உள்ள திபெத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழுத்துப் பகுதி ஐந்து மொழிகளில் இருக்கிறது. சீனம், பாரசீகம், தை, திபெத்தியம், மங்கோலியம்.

என் மேசைக்கு இப்படி ஒரு வேலை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சீனத்தை மேலிருந்து கீழே, வலப்பக்க வரியில் தொடங்கி எழுதுவார்கள். மங்கோலியமும் மேலிருந்து கீழேதான், ஆனால் தொடக்கம் இடப்பக்கம். திபெத்தியமும் தையும் நம்மைப் போல இடமிருந்து வலம். பாரசீகம் வலமிருந்து இடம். ஒரே செய்தி ஒரு மொழியில் நாலு வரி பிடிக்கும், இன்னொன்றில் ஏழு வரி. எங்கள் அச்சகத்தில் தமிழையும் இங்கிலீஷையும் அக்கம்பக்கமாக வைத்தாலே தமிழ் கீழே வழியும். 'சார், தமிழைக் கொஞ்சம் குறைங்க' என்பார் பக்கம் கட்டுகிறவர். அங்கே ஐந்து மொழி, ஐந்து எழுத்தர்கள், குறைந்தது ஐந்து சரிபார்ப்பவர்கள். அதுவும் அரசர் பார்வைக்குப் போகிற வேலை. பிழை விட்டால் சம்பளப் பிடித்தத்தோடு போயிருக்காது.

இத்தனை பேரை அரசவை எங்கிருந்து பிடித்தது? விடை அதே ஆண்டில் இருக்கிறது. 1407இல்தான் மிங் அரசு அயல்மொழிகளுக்கென்று தனி மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அதில் எட்டுப் பிரிவுகள். மங்கோலியம், ஜூர்சென், திபெத்தியம், இந்திய மொழி, பாரசீகம், தை, உய்குர், பர்மியம். சுருளில் சீனம் தவிர்த்த நான்கும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியானால் அந்தச் சுருளை வெறும் பக்திப் படைப்பாக மட்டும் பார்க்க முடியாது. புதிதாகத் திறந்த ஓர் அலுவலகத்தின் திறமையும் அதில் தெரிகிறது. யோங்லே, தன் அண்ணன் மகனோடு உள்நாட்டுப் போர் நடத்தி 1402இல் அரியணையைப் பிடித்தவர். வானமே தனக்குச் சாட்சி சொன்னதாக நாலா பக்கத்து மக்களின் மொழியிலும் பதிவு செய்துகொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. திபெத்திய மடத்துக்குப் போகிற சுருளில் பாரசீகம் எதற்கு? அங்கே அதை யார் படித்திருப்பார்கள்? மடத்தில் படிப்பதற்காக அது எழுதப்படவில்லை என்றே நினைக்கிறேன். 'எனக்கு இத்தனை மொழி தெரியும்' என்று அரசு காட்டிக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் பக்கம் வருகிற மாதிரி.

'பல மொழி எழுத்துகள்' என்று எழுதி முடித்தால் இவ்வளவும் காணாமல் போய்விடுகிறது.

அந்தச் சுருளின் தை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் யுன்னானுக்கும் பர்மாவுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதிகளில் வாழ்ந்த மக்களின் மொழி அது. அவர்கள் எழுத்தின் பழைய நிலையை அறிய, ஆண்டு தெரிந்த சான்றுகள் மிகக் குறைவு. ஆகவே அந்த மொழியைப் படிக்கிறவருக்கு, வண்ண மேகங்களைவிட அந்தப் பத்திதான் பொக்கிஷம். ஆனால் அது யார் கண்ணில் படும்? 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லாசாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ ரிச்சர்ட்சன் இந்தச் சுருளை த்சுர்புவில் பார்த்தார். அவர் திபெத்தியம் அறிந்தவர், எனவே திபெத்தியப் பகுதி வெளியுலகுக்கு வந்தது. அது இயல்புதான், குறை சொல்லவில்லை. யாருக்கு எது தெரியுமோ அதுதான் முதலில் வரும். மற்றவை தமக்கான ஆள் வரும்வரை காத்திருக்கும். அவை அங்கே காத்திருக்கின்றன என்பதையாவது அட்டை சொல்ல வேண்டாமா?

இன்னொன்று, எழுத்தைப் பார்த்து மொழியை முடிவுகட்டுகிற பழக்கம். அந்தப் பாரசீகப் பகுதியை மேலோட்டமாகப் பார்க்கிறவர் 'அரபு' என்று எழுதிவிட்டுப் போவார், ஏனென்றால் எழுத்து அரபு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அர்வி என்று ஒன்று உண்டு. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அதை ஒரு பேழையில் வைத்தால் உங்கள் அட்டையில் தமிழ் என்ற சொல் வருமா? எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருக்கிற சகஸ்ரநாமப் புத்தகம் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது, க, ச, த, ப மேல் 2, 3, 4 என்று பொடி எண்கள் போட்டு. உள்ளே இருப்பது முழுக்க சமஸ்கிருதம். அதை 'தமிழ் நூல்' என்று பட்டியலிட்டால் என் பாட்டிகூடச் சிரிப்பாள்.

இது வேடிக்கைக்காகச் சொன்ன உதாரணம் இல்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள துன்ஹுவாங் சுவடிகளில், சீன மொழிப் பௌத்த உரைகளைத் திபெத்திய எழுத்தில் எழுதிய நீண்ட சுருள் ஒன்று இருக்கிறது. துன்ஹுவாங் வடமேற்குச் சீனாவில், 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 848 வரை திபெத்தியர் ஆட்சியில் இருந்த ஊர். அங்கே, காதால் சீனம் தெரியும், சீன எழுத்து தெரியாது, திபெத்திய எழுத்து தெரியும் என்கிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வாய்விட்டு ஓதுவதற்கு வசதியாக எழுதியது போலிருக்கிறது. பொடி எண் போட்ட சகஸ்ரநாமம் மாதிரியேதான். அதைத் திபெத்தியம் என்பதா, சீனம் என்பதா? எழுத்துக்கு ஒரு கட்டம், மொழிக்கு ஒரு கட்டம் என்று உங்கள் பதிவேட்டில் இரண்டு கட்டம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

துன்ஹுவாங் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்தத் தோன்றாது. 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோ துறவி கண்டெடுத்த, பழஞ்சுவடிகள் நிறைந்த குகை அறை, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதிலிருந்து 1907இல் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஆரல் ஸ்டைன் கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோ வந்தார். ஸ்டைனுக்குச் சீனம் படிக்கத் தெரியாது. பெல்லியோவுக்குத் தெரியும். யார் எதை எடுத்தார்கள் என்பதில் அந்த வித்தியாசம் இன்றுவரை தெரிகிறது. அப்புறம் நடந்ததுதான் என்னை வருத்துகிறது. ஸ்டைன் பயணத்துக்குப் பணம் போட்டவர்கள் இரண்டு தரப்பு, பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இந்திய அரசும். பாகம் பிரித்தபோது சுவடிகளை மொழிவாரியாகப் பிரித்தார்கள். சீனம் ஒரு கட்டடத்துக்கு, திபெத்தியமும் கோத்தானியமும் சமஸ்கிருதமும் இந்தியா அலுவலக நூலகத்துக்கு.

துன்ஹுவாங்கில் தாள் தட்டுப்பாடு. முன்பக்கம் சீனச் சூத்திரம் எழுதிய சுருளின் பின்பக்கத்தை வேறொருவர் வேறு மொழியில் நிரப்பியிருப்பார். ஒரு தாளைக் கத்தி வைத்து மேலும் கீழுமாக உரிக்க முடியாதே! ஏதோ ஒரு பக்கத்தை 'முன்பக்கம்' என்று முடிவு செய்து ஒரு கட்டடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அனுப்பியபின் பின்பக்கத்து மொழி, அந்த மொழிக்காரர் தேடாத அலமாரியில் கிடக்கும். பிறகு 1973இல் பிரிட்டிஷ் நூலகம் உருவாகி, 1982இல் இந்தியா அலுவலகத் தொகுப்பும் அதனோடு சேர்ந்து, 1994இல் துன்ஹுவாங் சுவடிகளை மின்னாக்கம் செய்யும் பன்னாட்டுத் திட்டம் தொடங்கியதால் இரு பக்கமும் திரையில் சேர்ந்தன. அதற்காக அந்த ஆட்களைக் கும்பிட வேண்டும். ஆனால் எல்லா அருங்காட்சியகங்களும் அந்த வழியில் போகவில்லை. வலைத்தளத்தில் முன்பக்கப் படத்தை மட்டும் ஏற்றிவிட்டு 'பின்பக்கம்: எழுத்து உள்ளது' என்று முடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறீர்கள்.

அதே துன்ஹுவாங் தொகுப்பில் நீலகண்ட தாரணி என்ற மந்திரத்தின் சுவடி ஒன்று உண்டு. நீலகண்டன் என்றதும் நமக்கு ஆலகாலம் உண்ட சிவன்தான் வருவார். அங்கே அது அவலோகிதேசுவரர் என்ற கருணைப் போதிசத்துவரின் பெயர். சமஸ்கிருத வரிகள் பிராமி எழுத்தில் இருக்கின்றன, அவற்றின் ஒலிப்பு சோக்தியர் எழுத்தில் இருக்கிறது. சோக்தியர் சமர்கந்துப் பக்கத்து வணிகர்கள். இதே தாரணியின் ஒரு சீன வடிவம் வச்சிரபோதி பெயரில் வழங்குகிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வழியாகச் சீனா போன தென்னிந்தியத் துறவி அவர், அவர் வரலாறு காஞ்சியையும் பல்லவ அரசனையும் தொட்டுத்தான் போகிறது. சமர்கந்துக்காரர் வாயில் நீலகண்டன் எப்படி ஒலித்தது என்று அறிய எனக்கு ஆசை. அந்த ஒலிப்பை எழுதியவர் அதை எதிர்காலத்துக்கு விட்டுவைத்திருக்கிறார். 'பிராமி, மற்றும் பிற' என்று அட்டை எழுதினால் அந்த ஒலி மூடிக்கொள்கிறது.

எல்லா மொழியும் ஒரே செய்தியைத்தானே சொல்லும், ஒன்றை மொழிபெயர்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள காலி மும்மொழிக் கல்லைப் பற்றிப் படிக்கும்வரை. சுருள் இல்லை, கல்தான். ஆனால் அதே யோங்லே பேரரசர், சுருளுக்கு இரண்டே ஆண்டு கழித்து, 1409 தேதியிட்டது. கடற்படைத் தளபதி ஜெங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்தது. நான்ஜிங்கிலேயே வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது பொதுவான கருத்து. 1911இல் காலி நகரில் ஒரு பொறியாளர் கண்ணில் பட்டபோது, அது மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தது.

மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட திருமாலுக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே, பெறுகிற தெய்வம் வேறு. சீனத்தை மட்டும் படித்து 'பௌத்தக் கல்வெட்டு, இரண்டு மொழிபெயர்ப்புகளுடன்' என்று எழுதியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு பொய்யாகியிருக்கும். படித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. புரூப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாடம் சூடுபட்டுத்தான் வரும். தமிழில் 'மாலை 6 மணி', தெலுங்கில் 'காலை 6 மணி' என்று அச்சாகிப் பாதிச் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்த ரிசப்ஷன் ஒன்று என் கணக்கிலும் இருக்கிறது.

அந்தக் கல்லில் இன்னொரு விஷயம். மேலே சொன்ன எட்டுப் பிரிவில் தமிழ் இல்லை. அப்படியானால் நான்ஜிங்கில் தமிழை எழுதிக் கொடுத்தது யார்? வணிகனா, மாலுமியா, துபாஷியா? கல்லில் அவன் பெயர் இல்லை. என் தொழில்காரன் ஒருவன் 1409இல் சீனாவில் உட்கார்ந்து நகலைச் சரிபார்த்திருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்கிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அட்டையில் எண்பது சொல்லுக்கு மேல் இடம் கிடையாது. பழந்தாளுக்கும் பட்டுக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது, 50 மீட்டர்ச் சுருளை முழுசாக விரிக்க இடமும் இல்லை. ஊழியர்களில் ஐந்து மொழியும் அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் மொழிகளின் பெயரைச் சொல்ல ஐந்து சொல் போதும். 'பல மொழி எழுத்துகள் உள்ளன' என்பதே நாலு சொல் ஆகிறது. ஒரே ஒரு சொல் அதிகம் கேட்கிறேன். இன்னும் படிக்கப்படாத பகுதி இருந்தால் 'இது இன்னும் படிக்கப்படவில்லை' என்று துணிந்து எழுதுங்கள். அதைப் பார்க்கிற பத்தாயிரம் பேரில் ஒருவர் அந்த மொழிக்காரராக இருப்பார், நின்றுவிடுவார். விரித்து வைக்கும்போது எப்போதும் படத்தையே விரித்து எழுத்தைச் சுருட்டி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் பகுதியை மாற்றி விரிக்கத்தான் போகிறீர்கள், ஒரு முறை எழுத்துப் பகுதிக்குக் கொடுங்கள். மின்னாக்கம் செய்கிறபோது பின்பக்கத்தையும் எடுங்கள், அது வெறுமையாக இருந்தாலும். வெறுமை என்று தெரிவதும் ஒரு தகவல்தான்.

பதிவேட்டில் மொழி என்ற இடத்தில் ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற கணினிப் படிவம் இருந்தால் தயவுசெய்து அதை முதலில் மாற்றுங்கள். பாதிப் பாவம் அந்தப் படிவத்துக்கே சேரும். திபெத்தியம் என்று தேடுகிறவருக்கும் தை என்று தேடுகிறவருக்கும் ஒரே சுருள் கிடைக்க வேண்டும்.

துன்ஹுவாங்கின் மோகாவோ குகைப் பகுதியில் 1348இல் நிறுத்திய ஒரு கல் இருக்கிறது. 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற ஆறசை மந்திரத்தை ஆறு எழுத்துமுறைகளில் வெட்டியிருக்கிறார்கள். லாஞ்சா, திபெத்தியம், உய்குர், பக்ஸ்பா, தாங்குத், சீனம். நிறுத்தியவர் சுலைமான் என்ற இளவரசர். ஆறெழுத்து மந்திரம் என்றால் நமக்கு சரவணபவதான், ஆனாலும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது. அதை வெட்டியவர்கள் ஆறையும் தனித்தனியாக மதித்திருக்கிறார்கள். எந்த ஒன்றையும் 'முதலியன' என்று விடவில்லை.

அடுத்த சித்திரைக்கு மறுபடி மகள் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பேழைக்கு முன்னாலும் போய் நிற்பேன். திருத்தம் போட்டு அனுப்பியது ஏறியிருக்கிறதா என்று இரண்டாம் புரூபையும் பார்ப்பது எங்கள் வழக்கம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு புரூப் ரீடர்